இடது கட்டைவிரல்

"ஓடாதே" என்பதுதான் அவர் எனக்கிட்ட முதல் கட்டளை. புதரை விலக்கிக்கொண்டு ஒரு காட்டுப்பன்றி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கையில் இருந்ததெல்லாம் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர். காலடியில் புதிதாக நட்ட சேப்பங்கிழங்கு. என் இடது கட்டைவிரல் தானாகவே கடற்கரைப் பக்கம் இழுத்தது.

"ஓடாதே செல்வி. இன்னும் ஒரு செடி பாக்கி இருக்கு."

"கிட்ட வந்துடுச்சுக்கா."

"வரட்டும். நான் சொல்றப்ப எடு. பிரேக் என்கிட்ட இருக்கு."

அவருடைய வலது கட்டைவிரல் நிதானமாக அழுத்தியது. தண்ணீர் விழுந்தது. பன்றியின் கண் தெரியும் தூரம். மண் கறுத்து ஈரமானதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான், "இப்ப. ரைட்ல எடு" என்றார். எடுத்தேன். பன்றி எங்களை உரசிக்கொண்டு போய்ப் பனைமரத்தில் மோதியது. என் முதுகெல்லாம் வியர்வை. அவர் பக்கத்திலிருந்த இயந்திரம் ஒருமுறை கூவிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

இதெல்லாம் நடந்தது ஒரு கைப்பேசித் திரையில். நாங்கள் இருந்தது பொம்மனஹள்ளியில், ஓசூர் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவிலிருந்த சின்ன மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரத்தில் மூன்று காலைகள் அவரை அங்கே அழைத்துப்போவேன். அதற்காகவே கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தில் இணைத்த உடனே அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தூக்கமில்லை, பேச விருப்பமில்லை, அவ்வளவுதான். இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.

அடுத்த கட்டிலில் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தோடு வெட்டிய முடி, மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. சிவாஜிநகர்ப் பக்கம் வெகு காலமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். உடம்புக்கு முடியாமல் போனபின் பொம்மனஹள்ளியில் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். வார்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் மஞ்சு 'டிரைவிங் அம்மா' என்பான். நானும் இங்கே பெயரை எழுதவில்லை.

கைப்பேசியில் அந்த விளையாட்டை இறக்கிக் கொடுத்தது தங்கை மகள். கப்பல் கவிழ்ந்து ஒருத்தி ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறாள். கல்லால் கோடரி செய்து, மரம் வெட்டி, பாத்தி கட்டி, விதை தேடி நட்டு, அவள் உயிரோடிருக்க வேண்டும். பசிக்கு ஒன்று, தாகத்துக்கு ஒன்று எனத் திரையின் ஓரத்தில் இரண்டு கோடுகள். அவை சிவந்து தீர்ந்துபோனால் அவள் செத்துவிடுவாள். நட்டது கட்டியது எல்லாம் அழிந்து வெறும் மணலிலிருந்து தொடங்க வேண்டும்.

இடது கட்டைவிரலால் நடத்த வேண்டும், வலது கட்டைவிரலால் வேலை செய்ய வேண்டும். ஆனால் அக்காவின் இடது கையில்தான் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். ரத்தம் ஒன்றின் வழியே வெளியே போய் மற்றதின் வழியே திரும்பிவரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒருநாள் என்னைப் பார்த்து, "உன் லெஃப்ட் ஹேண்ட் சும்மாதானே இருக்கு?" என்று கேட்டார். அன்றிலிருந்து கைப்பேசியின் ஒரு விளிம்பை அவர் பிடிக்க, ஊசி குத்திய கையில் படாமல் குனிந்து மறு விளிம்பை நான் பிடித்தேன். தீவுக்காரியின் கால் நான். கை அவர்.

ஒரே உடம்பை இரண்டு பேர் நடத்துவது லேசான காரியமில்லை. நான் நகர்வதற்குள் அவர் வெட்டிவிடுவார், கோடரி காற்றில் போகும். அவர் கிழங்கைப் பிடுங்கப்போகும் நேரத்தில் நான் ஒரு அடி தள்ளிப் போயிருப்பேன். அவர் சத்தம் போடமாட்டார். "இறுக்கிப் பிடிக்காதே. லேசா. வண்டி உன் சொல்லைக் கேக்கும்" என்பார். குரல் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஆபத்து நெருங்க நெருங்க அந்தக் குரல் இன்னும் இறங்கும். எனக்கு அதுதான் பயம்.

கார் கற்றுக்கொடுத்த நாட்களைப் பற்றி ஒரு கதை சொன்னார். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமாம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சிவாஜிநகர் பஸ் நிலையத்தருகே வண்டியைத் திருப்பும்போது எதிரே பஸ் ஒன்று வந்துவிட்டது. அந்தப் பெண் உறைந்துபோய்விட்டாள்.

"நான் உடனே மிதிச்சிருக்கலாம்" என்றார் அக்கா. "மிதிக்கல. அவளே மிதிப்பான்னு பாத்துட்டே இருந்தேன். நாம முந்திட்டா அவ எப்பவுமே கத்துக்கமாட்டா."

"மிதிச்சாங்களா?"

"இல்ல. கடைசில நான்தான் மிதிச்சேன். பஸ்சுக்கும் நமக்கும் நடுவுல இவ்ளோதான் கேப்." உள்ளங்கையைக் காட்டினார். "எனக்குத் தெரியும் செல்வி, எங்க நிக்கும்னு."

"அந்தப் பொண்ணு?"

"அடுத்த நாள்லேர்ந்து வரல" என்றார். அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. அந்தப் பெண் காரிலிருந்து இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்றிருப்பதை நான்தான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவில் அவர் நட்டதெல்லாம் அவருக்கு மறுக்கப்பட்டவை. சிறுநீரகம் போனவர்களுக்கு வாழைப்பழம் ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, இளநீர் விஷம் மாதிரி. சிறுநீர் பிரியாததால் தண்ணீர்கூட ஒரு நாளுக்கு ஒரு சின்ன பாட்டில்தான். அக்கா தேடித் தேடி அவற்றையே நட்டார். தீவின் மறுகோடியில் காட்டு வாழை இருப்பதைக் கண்டுபிடித்து, பாம்பு திரியும் புல்வெளியைத் தாண்டிப்போய்க் கன்றைப் பெயர்த்துக் கொண்டுவரச் செய்தார். உருளைக்கு வரிசை வரிசையாகப் பாத்தி. சுற்றிலும் கூர்க்கம்பு வேலி. மழைத் தண்ணீரைப் பிடிக்கப் பனையோலைத் தொட்டிகள். முற்றிய உருளையைப் பிடுங்கும்போது அது மண்ணோடு மேலே வரும்; ஒவ்வொரு தடவையும் லேசாக நாக்கைச் சப்புக்கொட்டுவார். அது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

தீவில் ஒரு வறட்சி வந்தது. மழையே இல்லை. ஓலைத் தொட்டிகள் காய்ந்துவிட்டன. பக்கத்துத் தென்னைகளில் காயில்லை. வாழை குலை தள்ளும் நேரம். தாகக் கோடு சிவந்து, துடிக்கத் தொடங்கிவிட்டது. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். மேட்டைத் தாண்டி ஒரு ஊற்று இருந்தது, ஆனால் தூரம்.

"குடிச்சுடலாம்க்கா. குடிச்சுட்டு ஊத்துக்குப் போலாம்."

"வாழைக்கு ஊத்து."

"செத்துட்டா வாழை யாருக்கு?"

"சாகமாட்டா. அவ எவ்ளோ தாங்குவான்னு எனக்குத் தெரியும். கிட்ட கூட்டிட்டுப் போ."

நான் விரலை அசைக்கவில்லை. தீவுக்காரி நின்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கினாள். கோடு குறைந்துகொண்டே வந்தது. அக்கா என்னைத் திரும்பியும் பார்க்காமல் காத்திருந்தார். யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று தெரிந்துதான் காத்திருந்தார். நான்தான் விட்டுக்கொடுத்தேன். கடைசித் தண்ணீர் வாழைக்குப் போயிற்று. பிறகு மேட்டில் ஓட்டம். வழியில் பெரிய நண்டு ஒன்று குறுக்கே வந்தது. திரையின் விளிம்புகள் கறுத்து, தீவுக்காரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. ஊற்றருகே அவள் மண்டியிட்டபோது கோட்டில் நூலளவுதான் மிச்சம்.

அக்கா குடிக்கும் பொத்தானை அழுத்தினார். கோடு நிறைந்தது. நிறைந்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. தீவுக்காரி இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டே இருந்தாள். அக்காவின் உதடுகள் வெடித்திருந்தன. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இந்தப் பிடிவாதம் திரையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் வந்தபோது முகமும் காலும் வீங்கியிருந்தன. ஏதோ கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு, சாப்பாடு தண்ணீர் எதிலும் கட்டுப்பாடில்லாமல் இருந்திருக்கிறார். எடை பார்த்த மஞ்சு தலையை ஆட்டினான். உடம்பில் சேர்ந்த நீரை இயந்திரம் மெதுவாகத்தான் உறிஞ்ச வேண்டும். ஒரேயடியாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

"எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துடு" என்றார் அக்கா.

"ஜாஸ்தி ஆகத்தே அம்மா, பேட" என்றான் மஞ்சு. அதிகமாகிவிடும், வேண்டாம் என்று கெஞ்சினான்.

"ஒண்ணும் ஆகாது. முடியலன்னா நானே சொல்றேன்." அவனைச் சரிக்கட்டிவிட்டார்.

அன்று உருளைக்கிழங்கு அறுவடை. பாதி வரிசை முடிந்திருக்கும். அக்கா கொட்டாவி விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் தீவுக்காரியைச் செடியருகே நிறுத்துகிறேன், கை எழவில்லை. ஒரு கணம் கழித்து எழுந்து வெறும் காற்றைப் பிடுங்குகிறது. அவர் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை.

"அக்கா, தலை சுத்துதா?"

"இல்ல. அந்த வரிசைய முடி."

"மஞ்சுவ கூப்பிடறேன்."

"கூப்பிடாதே. மெஷினைக் கொறச்சுடுவான். கொஞ்சம் பொறு, எனக்குத் தெரியும்." குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பன்றி வந்த அன்று இறங்கியதைவிடக் கீழே.

அடுத்த செடியருகே போனோம். கை எழவேயில்லை. கைப்பேசியின் அந்த விளிம்பு சரிந்தது. முழுக் கனமும் என் கையில் வந்து விழுந்தது. நான் எழுந்து மஞ்சுவைக் கூப்பிட்டேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்காவின் கண்கள் மேலே போய், வெள்ளை மட்டும் தெரிந்தது. மஞ்சு ஓடிவந்து கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, இயந்திரத்தைக் குறைத்து, சலைனைத் திறந்துவிட்டான். "கண்ணு பிடி அம்மா, கண்ணு பிடி" என்று கன்னத்தைத் தட்டினான். கன்னடத்தில் கண்ணைத் திறக்கச் சொல்கிறான் என்று தெரிந்தும், எதையோ பிடித்துக்கொள்ளச் சொல்வதாகவே என் காதில் விழுந்தது. நான் அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தன.

நினைவு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரைக் கேட்டு அவனைக் கூப்பிட்ட?"

"கண்ணு மேல போயிடுச்சுக்கா."

"நான்தான் சொன்னேனே, எனக்குத் தெரியும்னு."

"தெரியலக்கா. உங்களுக்குத் தெரியல. நான் பாத்தேன்."

அவர் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் என்னோடு பேசவில்லை. ஒற்றைக் கையாலேயே விளையாடினார். அதே கட்டைவிரலால் கொஞ்சம் நடத்துவார், நிறுத்துவார், விரலை மறுபக்கம் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுவார். தீவுக்காரி குடித்தவளைப்போலத் தள்ளாடினாள். நான் பார்க்காத மாதிரி பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காலை, அவர் எதுவும் சொல்லாமல் கைப்பேசியின் இடது விளிம்பை என் பக்கம் தள்ளினார். வேலி ஒரு பக்கம் பிரிந்து கிடந்தது. உருளைப் பாத்தி முழுக்கப் பன்றிகள் கிளறிப் போட்டிருந்தன.

"வாழை தப்பிச்சுது" என்றார்.

"வேலியக் கட்டிடலாம்க்கா."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கட்டைவிரலை அதன் இடத்தில் வைத்தேன்.

அந்த வேலியைக் கட்டி முடித்துச் சில வாரம் இருக்கும். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

"யாருக்கா?"

"கிட்னி வந்திருக்காம். யாரோ ஆக்சிடென்ட்ல போயிட்டாங்க, வீட்டுல குடுத்திருக்காங்க. உடனே வரச் சொல்றாங்க." பிறகு திரையைப் பார்த்து, "நான் போகல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். எனக்கு அவரைத் தெரிவதற்கு முன்பே ஒருமுறை இப்படிக் கூப்பிட்டிருந்தார்களாம். வரிசையில் முதல் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் கொடுக்கலாமென்று இரண்டாவது ஆளாக உட்காரவைத்திருக்கிறார்கள்.

"பச்சைத் தண்ணி இல்லாம நாளெல்லாம் உட்கார்ந்திருந்தேன். ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே. சாயங்காலம் வந்து, அவருக்கு மேட்ச் ஆயிடுச்சு, நீங்க கிளம்பலாம்னாங்க. இப்பவும் நான் செகண்டுதான். இன்னொரு தடவை அப்படித் திரும்பி வர என்னால ஆவாது."

"அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் கணவர். அதுவரை அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

"எனக்கு ஹார்ட் வீக்குன்னு லிஸ்ட்லயே சேத்துக்கல. எனக்கு யாரும் போன் பண்ணமாட்டாங்க. நீங்க போங்க."

அக்கா அவரைப் பார்த்தபடியே இருந்தார். என் கணவர் என்னிடம், "கூடப் போ. எனக்கு மஞ்சு இருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கைப்பேசியை எடுத்தார். விளையாட்டை மூடினார். வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்தார்.

மஞ்சு ஊசிகளை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்து, வாசலில் ஆட்டோவில் ஏற்றிவிட்டான். தங்கையை அங்கே வரச் சொல்லியிருந்தோம். மருத்துவமனை ஊரின் மறுகோடியில். சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் அசையவேயில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அசையத் தொடங்கியதும் ஆட்டோக்காரர் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்தார். அக்காவின் வலது கால் ஆட்டோவின் தரையை மிதித்தபடியே இருந்தது. முன்னால் போகும் வண்டி வெகு தூரத்தில் இருக்கும்போதே மிதித்தார். யாராவது தெருவைக் கடக்கலாம் என்று தோன்றும்போதே மிதித்தார்.

"ஏன் மேடம், கீழ ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க."

அவர் சீக்கிரம் பிரேக் மிதித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டார்.

"வாழைக்கு இன்னிக்குத் தண்ணி ஊத்தல" என்றார்.

"நீங்க தொறக்காத வரைக்கும் அங்க நேரம் நகராதுக்கா. எதுவும் காயாது."

"ஆமால்ல" என்றார்.

அங்கே இன்னொருவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், பக்கத்தில் மனைவி, மடியில் பை. அவர்தான் முதல் ஆள். இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண்ணும் நானும் கண் பட்டபோதெல்லாம் விலகிக்கொண்டோம். அவள் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டிக்கொள்வது அவளுக்கும் தெரியும். அக்கா சிலுவையை விரலால் உருட்டியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்து முதலில் அந்த மனிதரிடம் குனிந்து பேசினார். அவருக்குக் காய்ச்சல். உடம்பில் எங்கோ கிருமி இருக்கிறது, இந்த நிலையில் ஆபரேஷன் செய்ய முடியாது என்றார். மனைவி பையின் காதை இழுத்து இழுத்து முறுக்கினாள். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

அக்கா எழுந்து நின்று, "இன்னொரு தடவை பாத்துட்டீங்களா டாக்டர், காய்ச்சலை?" என்று கேட்டார்.

"பாத்துட்டோம்."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார்கள். காய்ச்சல் இருந்தது. அக்கா அந்த மனிதரின் எதிரே போய் நின்றார். அவர் எழுந்து அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பெண் கும்பிடவில்லை. தங்கை வந்து சேர்ந்ததும் அக்கா என்னிடம், "கிளம்பு. உன் வீட்டுக்காரர் அங்க காத்துக்கிட்டிருப்பார்" என்றார். நான் அவரை நேரில் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அடுத்த வாரம் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கை போனில் சொன்னாள். கிருமி தொற்றிக்கொள்ளும் என்பதால் யாரும் போய்ப் பார்க்கக் கூடாதாம். நான் பழையபடி கொக்கி தைத்தேன். என் கணவர் பழையபடி சுவரைப் பார்த்தார்.

ஒருநாள் காலை, வார்டில் எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தபோது, என் கைப்பேசி ஒலித்தது.

"செல்வி, பேசாதே. கேளு."

ஏதோ ஊற்றும் சத்தம். பிறகு குடிக்கும் சத்தம். நிறுத்தாமல், மூச்சு விடாமல், ஒரு முழு டம்ளர். டம்ளரை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். மறுபடி ஊற்றினார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள். புதுச் சிறுநீரகத்துக்கு அது வேண்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்துக் கட்டில் ஞாபகம் வந்ததும் கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"யாரு?" என்றார் என் கணவர், திரும்பாமல்.

"அக்கா."

"என்ன சொல்றாங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "ஒண்ணும் சொல்லல. தண்ணி குடிக்கறாங்க."

அவர் ஊசி குத்தாத கையை என் பக்கம் நீட்டினார்.

"இங்க குடு."

கைப்பேசியை அவர் காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தப் பக்கம் அக்கா இன்னொரு டம்ளரை ஊற்றிக்கொண்டிருந்தார்.